மொச்சையின் இரை

பல்லி நேற்றும் சாப்பிடவில்லை, இன்றைக்கும் சாப்பிடப் போவதில்லை போலிருக்கிறது. என் மனைவி லூர்து பாடம் எடுக்கப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிப் போனதிலிருந்து கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டுக் குனிந்து உட்கார்ந்திருக்கிறேன். குளித்தேனா என்று ஞாபகமில்லை. தலையைத் தொட்டுப் பார்த்தால் ஈரமில்லை, அப்படியானால் குளிக்கவில்லை. தொட்டிக்குள் மணலும் செம்மண்ணும் கலந்த தரை, ஒரு மூலையில் குட்டிச் சோற்றுக்கற்றாழை, இன்னொரு மூலையில் வரிவரியாக நிமிர்ந்து நிற்கும் பாம்புக்கற்றாழை, நடுவில் ஒரு மரப்பட்டை, அதற்குப் பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட ஓட்டுத்துண்டு. அந்த ஓட்டுக்கடியில்தான் மொச்சை படுத்திருக்கிறது. மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளி, மொச்சைக்கொட்டை மாதிரியே இருக்குல்லப்பா, என்று என் மகள் ஜெனிட்டா வைத்த பேர். சிறுத்தைப் பல்லி என்று சொல்கிறார்கள். நம் வீட்டுச் சுவரில் ஓடுகிற பல்லி கண்ணை மூடாது, இதற்கு இமை உண்டு, மூடிக்கொண்டு தூங்கும். பெங்களூரில் வேலை கிடைத்துப் போனவள் அங்கே வாங்கி வளர்த்தாள். வால்தான் அதோட சாப்பாட்டுப் பானை, வால் குண்டா இருந்தா நல்லாருக்குன்னு அர்த்தம், என்று போனில் சொல்லியிருக்கிறாள். இப்போது வாலைப் பார்க்கிறேன். இளைத்திருக்கிறதா, நேற்றும் இப்படித்தான் இருந்ததா. தினமும் பார்க்கிற உடம்பு இளைப்பது கண்ணுக்குப் பிடிபடுவதில்லை. அவளையும்தான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தோம். பூசைக்குப் போனியா, சாப்பிட்டியா, நல்லாருக்கியா. நல்லாருக்கேன்ப்பா. ஒவ்வொரு ஞாயிறும் நல்லாருக்கேன்ப்பா. அதில் எந்த ஞாயிறிலிருந்து அது பொய்யாயிற்று என்று நானும் எடுத்து எடுத்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. எல்லா ஞாயிறும் ஒரே குரலில்தான் இருக்கிறது. ஏன் என்று மட்டும் அவகிட்ட கேக்காதீங்க சார், என்று டாக்டர் சொல்லிவிட்டார். கேட்கவில்லை. ஆனால் கேட்காத கேள்வி எங்கே போகும், என்னிடமேதான் சுற்றிச் சுற்றி வருகிறது, இந்தத் தொட்டிக்குள் கண்ணாடியோரமாகவே ஓடிக்கொண்டிருக்கும் பூச்சியைப் போல.

பூச்சிதான் இப்போது பெரிய தொல்லை. மொச்சைக்கு இரை உயிரோடு இருக்க வேண்டும். கிரிக்கெட் வாங்கிப் போடறேன்ப்பா என்று முதன்முதலில் அவள் சொன்னபோது பேட்டும் பந்தும்தான் நினைவுக்கு வந்து, பல்லிக்கு எதுக்கும்மா அது என்று கேட்டுவிட்டேன். அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பு. அய்யோ அப்பா, நம்ம ஊர் சுவர்க்கோழிதான், ராத்திரி கத்துமே. போனைப் பக்கத்திலிருந்த தோழியிடம் கொடுத்து, எங்க அப்பா என்ன கேட்டாருன்னு கேளுடி என்றாள். அந்தத் தோழிதான் பிறகு எங்களுக்குப் போன் செய்தவள். அங்கிள், நீங்களும் ஆன்ட்டியும் உடனே கிளம்பி வாங்க, ஆஸ்பத்திரில இருக்கோம், உயிருக்கு ஒண்ணும் இல்ல, ஆனா வாங்க. ஒண்ணும் இல்ல ஆனா வாங்க. எத்தனையோ வருஷம் ரயில்வேயில் போனைக் காதில் வைத்துக்கொண்டே உட்கார்ந்தவன் நான், எத்தனையோ கெட்ட சேதியை வாங்கி அடுத்த ஸ்டேஷனுக்குச் சொல்லியிருக்கிறேன், அன்றைக்கு ரிசீவரை வைக்கத் தெரியாமல் நின்றேன். கையில் இருந்தது செல்போன் என்பதுகூடப் புரியவில்லை, வைக்கிற இடத்தைத் தேடிக்கொண்டு நின்றேன். ஆஸ்பத்திரியிலிருந்து அவளை அழைத்துக்கொண்டு அவள் அறைக்குப் போனபோது, இந்தக் கண்ணாடித் தொட்டியை யாருக்காவது கொடுத்துடலாங்க, வீட்டுல வச்சு யாரு பாக்கறது, என்றாள் லூர்து. ஊர் வந்து சேரும்வரை ஜெனிட்டா பேசிய வார்த்தை ஒன்றே ஒன்றுதான். மொச்சையையும் எடுத்துக்கோங்க. அவ்வளவுதான். ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம், நாமக்கல், காரில் முழுவழியும் தொட்டி என் மடியில். வேகத்தடை வரும்போதெல்லாம் தொடையால் தூக்கிப் பிடித்தேன். மணல் ஒரு பக்கமாகச் சரிந்து பல்லி என்னையே பார்த்துக்கொண்டு வந்தது. பின்சீட்டில் அம்மாவின் தோளில் அவள். அப்போதே எனக்குள் ஒரு கணக்கு விழுந்துவிட்டது. இதை யாரிடமும் சொல்லவில்லை, லூர்திடம்கூட. இது உயிரோடு இருக்கிறவரை அவளும் இருப்பாள். கிறுக்குத்தனம்தான். தினம் ஜெபமாலை சொல்கிறவன் நினைக்கக்கூடிய நினைப்பு இல்லைதான். ஆனால் விழுந்துவிட்டது, எடுக்க முடியவில்லை.

அதனால்தான் டப்பாவோடு கவிழ்த்தேன். சாப்பிடவில்லையே, சாப்பிடவில்லையே என்று பதறி, பத்துப் பன்னிரண்டு நாளைக்கு முன்னால் கூரியரில் வந்த பூச்சி டப்பாவை அப்படியே தொட்டிக்குள் கொட்டிவிட்டேன். நிறைய இருந்தால் எதையாவது ஒன்றைப் பிடிக்காதா என்று. லூர்தும் அப்படித்தான், ஜெனிட்டாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் தட்டில் இட்லி, கிண்ணத்தில் பழம், டம்ளரில் பால் என்று வரிசையாக வைத்துவிட்டுப் போகிறாள், எல்லாம் ஆறி ஏடு கட்டித் திரும்பி வருகிறது. பால் திரும்பி வந்தால் கொட்டிவிடலாம், பூச்சி திரும்பி வராது. மண்ணுக்குள் புகுந்துகொண்டது, பட்டைக்கடியில் அடைந்துகொண்டது, கற்றாழை இலையின் ஓரத்தை அரித்து வைத்திருக்கிறது. இப்போது பார்த்தால் செடியின் வேரோரம், தண்ணீர் தெளிக்கிற ஈர மண்ணில், மிளகுத்தூள் தூவினது மாதிரி என்னவோ அசைகிறது. குனிந்து மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்க்கிறேன். குஞ்சு. முட்டையிட்டுக் குஞ்சும் பொரித்துவிட்டது. ஆண்டவரே. சின்ன வயசிலிருந்தே பூச்சி என்றால் எனக்கு உடம்பு கூசும், கரப்பான் வந்தால் லூர்துதான் விளக்குமாற்றோடு வருவாள். அந்த நான் தொட்டியின் மூடியைத் திறந்து கையை உள்ளே விடுகிறேன். ஒன்றைப் பிடித்தால் விரலிடுக்கில் உதைக்கிறது, காலில் முள் இருக்கிறது. காலி டப்பாவில் போடுகிறேன். இன்னொன்று தாவி முழங்கைக்கு ஏறுகிறது, உதறினால் தரையில் விழுந்து சோபாவுக்கடியில் ஓடிவிட்டது. போகட்டும். கண் எரிகிறது. தூக்கம் என்பதே விட்டுப்போய்விட்டது, ராத்திரி அவள் அறை வாசலில் பாய் போட்டுப் படுக்கிறேன், படுப்பதோடு சரி. ஸ்டேஷன் மாஸ்டர் வேலையில் தூங்காமல் இருப்பதுதான் உத்தியோகமே. விழித்திரு, மணி அடித்தால் பதில் சொல், வண்டி தாண்டியதும் லெவல் கிராசிங் கேட்டைத் திறக்கச் சொல். ஆனால் அதில் விடியும்போது இன்னொருவர் வருவார், சார்ஜ் ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து குறுக்கே விழுந்து தூங்கலாம். இந்த டியூட்டியில் மாற்றுவதற்கு ஆள் இல்லை. லூர்து வருவாள், வந்தாலும் அவளும் தூங்காதவள்தான். வீட்டுல ஒருத்தராவது எப்பவும் இருக்கணும், தனியா விடாதீங்க, என்றார் டாக்டர். அறைக்கதவின் உள்தாழ்ப்பாளை நானே ஸ்க்ரூ கழற்றி எடுத்தேன், அவள் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. மாத்திரை, கத்தி, பிளேடு, கழிப்பறை ஆசிட், எல்லாம் பீரோவுக்குள். சாவியை ஊக்கில் கோத்துப் பனியனில் குத்தியிருக்கிறேன், குனிந்தால் நெஞ்சில் உரசுகிறது.

ஓட்டுத்துண்டை மெல்லத் தூக்கியபோதுதான் பார்க்கிறேன். மொச்சையின் பின்னங்காலில் ஒரு சுவர்க்கோழி உட்கார்ந்திருக்கிறது. உட்கார்ந்திருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். அது கடித்துக்கொண்டிருக்கிறது. பல்லி காலை ஒரு தடவை இழுத்துக்கொண்டது, அவ்வளவுதான், மறுபடி கண்ணை மூடிக்கொண்டது. விரல் நுனியில் சிவப்பாகப் புண், வாலோரத்திலும் தோல் உரிந்து ஓரிடம். பூச்சியைக் கிள்ளி எடுத்தேன், எடுத்த வேகத்தில் நசுங்கிவிட்டது, கையை வேட்டியில் துடைக்கிறேன், துடைக்கிறேன், பிசுபிசுப்பு போகவில்லை. தின்பதற்காகப் போட்டது தின்கிறது. நான் போட்டது. நான் கொட்டியது. விரட்டக்கூடத் தெம்பில்லாமல் கிடக்கிறது. இதை அவளிடம் எப்படிச் சொல்வது. சொல்லக்கூடாது. சொன்னால் என்ன ஆகும், சொல்லாமல் இது செத்துப்போனால் என்ன ஆகும். கடைக்காரனுக்குப் போன் செய்து இதே மாதிரி இன்னொன்று வாங்கி வைத்துவிடலாமா, புள்ளியெல்லாம் அவளுக்குத் தெரியாதா, மனப்பாடமாகத் தெரியும். மஞ்சள் வைக்கலாமா, பல்லிக்கு மஞ்சள் ஆகுமா. லூர்துக்குப் போன் செய்யலாம், அவள் வகுப்பில் இருப்பாள், பதறிப் போய் எடுப்பாள், இந்த நேரத்தில் என் நம்பரைப் பார்த்தாலே அவள் உயிர் போய்விடும், பல்லிக்காகக் கூப்பிட்டேன் என்று சொல்வதற்குள் ஒரு சாவு செத்துவிடுவாள். கூப்பிடக்கூடாது. முதலில் பூச்சியை எடு. எல்லாவற்றையும் எடு. எடுக்க எடுக்க மண்ணிலிருந்து வருகிறது, கைக்கு அகப்படாததுதான் அதிகம், குஞ்சை எப்படிப் பொறுக்குவது, மாவு சலிக்கிற சல்லடையில் மண்ணைச் சலித்தால், செடியைப் பிடுங்க வேண்டும், அவள் நட்ட செடி.

அப்போது கரண்ட் போனது. தலைக்கு மேல் ஃபேன் தளர்ந்து தளர்ந்து நின்றது. பங்குனி வெயில், உடனே கழுத்தில் வேர்வை இறங்குகிறது. வீடு முழுக்க அமைதி. இவ்வளவு நேரம் அவள் அறை ஃபேனின் கடகடச் சத்தத்தைத்தான் அவள் இருக்கிற சத்தமாக நான் எடுத்துக்கொண்டிருந்தேன் என்பது இப்போதுதான் உறைக்கிறது. அது நின்றுவிட்டது. காதைக் கொடுக்கிறேன். கட்டில் முனகவில்லை. இருமல் இல்லை. புழுக்கத்தில் யாராக இருந்தாலும் புரண்டு படுப்பார்கள், போர்வையை உதைத்துத் தள்ளுவார்கள், சன்னலைத் திறப்பார்கள். ஒன்றும் இல்லை. எப்போது கடைசியாகப் பார்த்தேன், லூர்து கிளம்பியபோது கதவை ஒருக்களித்துப் பார்த்தாள், அதற்குப் பிறகு நான் பார்த்தேனா. இந்தப் பாழாய்ப்போன பூச்சியோடு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன். சோபாவுக்கடியில் ஓடிப் புகுந்த அந்த ஒன்று கத்த ஆரம்பிக்கிறது, ரிர்ரிர் என்று, அதன் வாயை மூட வேண்டும் போல் இருக்கிறது, அது வாயால் கத்துவதில்லை இறக்கையால் கத்துகிறது என்று அவள்தான் சொன்னாள். எழுந்திருக்கிறேன், முட்டி பிடித்துக்கொள்கிறது, சுவரைப் பிடித்துக்கொண்டு போய்க் கதவுக்கு முன்னால் நிற்கிறேன். தள்ளினால் திறக்கும். தாழ்ப்பாள் இருந்த இடத்தில் ஸ்க்ரூ ஓட்டை நான்கும் தெரியும். தள்ளு. கை போகவில்லை. பெங்களூரில் அந்தத் தோழியும் இப்படித்தான் கதவுக்கு முன்னால் நின்றிருப்பாளா. தள்ளிப் பார்க்கிறவரை எல்லாம் சரியாக இருக்கிறது, தள்ளினால்தான். பாப்பா, என்றேன். குரல் வெளியே வந்ததா தெரியவில்லை. பாப்பா. பதில் இல்லை. மூன்றாவது தடவை வாயைத் திறந்தபோது, எதைச் சொல்லவே கூடாது என்று நினைத்திருந்தேனோ அதுதான் வந்தது.

“மொச்சைக்குக் கால்ல புண்ணும்மா.”

கட்டில் கிறீச்சிட்டது. நிலைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். தரையில் பாதம் படும் சத்தம். கதவு உள்ளேயிருந்து இழுபட்டது. தலை கலைந்து, கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்து, என் நைந்த பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிறாள்.

“என்ன புண்ணு?”

“பூச்சி கடிச்சிருக்கு போல.”

என்னைத் தாண்டிப் போய்த் தொட்டிக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். ஓட்டைத் தூக்கினாள். மொச்சையை இரண்டு கையாலும் கீழேயிருந்து அள்ளி, தூக்கி, வெளிச்சத்தில் காலை விரித்துப் பார்த்தாள். அது அவள் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டது. பிறகு மண்ணைப் பார்த்தாள், செடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“யாருப்பா இத்தனையைப் போட்டது?”

“நான்தான். சாப்பிடலையேன்னு...”

“சாப்பிடலைன்னா இன்னும் கொட்டுவீங்களா? தின்னாம விட்டதை அப்பவே வெளிய எடுத்துரணும்னு போன்ல எத்தனை தடவை சொல்லியிருக்கேன். பூச்சிக்கும் பசிக்கும்ப்பா! அதுக்குச் சாப்பிட ஒண்ணும் வைக்காம உள்ள அடைச்சா அது என்னத்தைத் தின்னும்? இதைத்தான் தின்னும்!”

கத்துகிறாள். என் மகள் என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். கழுத்து நரம்பு புடைக்க, கண் சிவக்க. எனக்குச் சிரிப்பா அழுகையா எது வருகிறது என்று தெரியவில்லை, பள்ளிக்கூடப் பையனைப் போல் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். இன்னும் திட்டு. இன்னும் கொஞ்சம். ஊருக்கு வந்த நாளிலிருந்து வேண்டாம், பசிக்கல, தெரியல, இந்த மூன்று வார்த்தையில்தான் பேசிக்கொண்டிருந்தாள், எல்லாம் சுவரைப் பார்த்து. இப்போது முகத்தைப் பார்த்து ஒரு முழு நீள வாக்கியம், அதற்கு மேல் இன்னொன்று. கண்ணைத் துடைத்துக்கொண்டால் பார்த்துவிடுவாள் என்று வேர்வையைத் துடைப்பது போலத் தோளில் முகத்தைத் தேய்த்துக்கொண்டேன்.

“கேரட் இருக்கா? ஒரு துண்டு வைச்சா எல்லாம் அதுமேல வந்து மொய்க்கும், அப்படியே தூக்கிடலாம். முட்டை அட்டை ஒண்ணும் குடுங்க. வெதுவெதுன்னு கொஞ்சம் தண்ணி, புண்ணைக் கழுவணும்.” எழுந்து அடுப்படிப் பக்கம் நடந்தாள். கத்திக் கொக்கியைப் பார்த்திருப்பாள். அப்படியே நின்றாள். கொக்கியில் வெறும் கரண்டிதான் தொங்குகிறது. நான் பின்னாலேயே போய் நிற்கிறேன். என்ன சொல்வது. தொலைந்துவிட்டது என்று சொல்லலாமா, சாணை பிடிக்கக் கொடுத்திருக்கிறது என்று சொல்லலாமா. நெஞ்சில் சாவி உரசுகிறது.

“ஒளிச்சு வச்சிருக்கீங்களா?” என்று கேட்டாள். கோபமாக இல்லை. கரண்டியையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

“ஆமாம்மா.”

தெருவில் கோலமாவு விற்கிறவர் குரல் போகிறது. “சரி,” என்றாள். “நீங்களே நறுக்கி எடுத்துட்டு வாங்க. மெல்லிசா இருக்கட்டும்.”

பீரோவைத் திறந்து கத்தியை எடுத்து, கேரட்டை நறுக்கி, கத்தியைத் திரும்ப வைத்துப் பூட்டினேன். அவள் ஹாலில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள், பூட்டுச் சத்தம் கேட்டிருக்கும். கேட்கட்டும். அவளுக்கும் எனக்கும் நடுவில் மூடிமறைக்க இனி என்ன இருக்கிறது. புண்ணைப் பஞ்சால் ஒற்றிக் கழுவி, மொச்சையைத் துண்டு விரித்த அட்டைப்பெட்டியில் தனியாக விட்டாள். கேரட் துண்டையும் முட்டை அட்டையையும் தொட்டியின் நடுவில் வைத்தாள். “இனி சத்தம் காட்டக் கூடாது. தானா வரும். நேரமாகும்.” நான் சோபாவில் உட்கார்ந்தேன். கரண்ட் இன்னும் வரவில்லை. அவள் செய்தித்தாளை மடித்துத் தனக்கு விசிறிக்கொள்ளும்போது அந்தக் காற்று கொஞ்சம் என் முழங்கால்வரை வந்து போகிறது. இது தேறிடுமா என்று கேட்க நினைக்கிறேன், கேட்கப் பயமாக இருக்கிறது. அவளே சொன்னாள், விரல் போகலாம், மத்தபடி தேறிடும், வால் இன்னும் நல்லாத்தான் இருக்கு. வால் நல்லாத்தான் இருக்கு. இதை எத்தனை தடவை எனக்குள் சொல்லிக்கொண்டேன் தெரியாது. மண்ணிலிருந்து ஒன்று மீசையை ஆட்டிக்கொண்டு வெளியே வருகிறது. கேரட்டைத் தொட்டுப் பார்க்கிறது. இன்னொன்று. எவ்வளவு பசி இருந்திருக்கிறது அதற்கு.

“அப்பா.”

“என்னம்மா.”

“ராத்திரில கதவுக்கு வெளிய நீங்க பெருமூச்சு விடறது உள்ள கேக்கும்.”

“கேக்குதா?”

“ம்.” அட்டையை மெல்லத் தூக்கி டப்பாவுக்கு மேல் தட்டினாள். பொலபொலவென்று விழுந்தன. “தூங்கவே மாட்டீங்களா?”

தூக்கம் வரலைம்மா என்றேன். அது பொய். தூக்கம் ஒவ்வொரு நிமிஷமும் வந்து வாசலில் நிற்கிறது, நான்தான் உள்ளே விடுவதில்லை. அவள் திரும்பிப் பார்த்தாள். அந்தக் கண்ணுக்கடியில் எனக்கு இருக்கிற அதே கருவளையம். அப்படியானால் கதவுக்கு அந்தப் பக்கம் அவளும் தூங்காமல்தான் கிடந்திருக்கிறாள், நான் அவள் மூச்சைக் கேட்க, அவள் என் மூச்சைக் கேட்க, நடுவில் தாழ்ப்பாள் இல்லாத ஒரு கதவு. ஏன் என்ற கேள்வி வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

“கொஞ்ச நேரம் படுங்கப்பா. இது முடிய எப்படியும் நேரமாகும். நான் முழிச்சுத்தான் இருக்கப் போறேன்.”

படுக்கக் கூடாது. தனியா விடாதீங்க என்றார் டாக்டர். படுப்பதுபோலப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டு காதை மட்டும் திறந்து வைத்திருக்கலாம், அவளுக்கும் திருப்தியாக இருக்கும். சோபாவில் காலை நீட்டினேன். சாவி பனியனில் இருக்கிறது, கையை அதன்மேல் வைத்துக்கொண்டேன். அட்டையைத் தட்டும் சத்தம். கொஞ்சம் இடைவெளி. மறுபடி தட்டும் சத்தம். வாய்க்குள்ளேயே அவள் என்னவோ பேசுகிறாள், என்னிடம் இல்லை, பெட்டிக்குள் இருக்கிற மொச்சையிடம், வலிக்குதாடா, வலிக்குதாடா என்று. கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அவள் பேசுகிறவரை நான் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். விருத்தாசலத்தில் முதல் பிளாட்பாரம், விடிகாலைப் பனி, ஒரு கூட்ஸ் வண்டி முடிவில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது, பெட்டி பெட்டியாக, பெட்டி பெட்டியாக, கடைசிப் பெட்டி வந்தால்தான் நான் விளக்கைக் காட்ட முடியும், கடைசிப் பெட்டி வரவில்லை, பக்கத்தில் யாரோ வந்து நிற்கிறார்கள், நீங்க போங்க சார் நான் பாத்துக்கறேன் என்கிறார்கள், முகம் தெரியவில்லை, கையிலிருந்த விளக்கை வாங்கிக்கொள்கிறார்கள், கை லேசாகிவிட்டது, எவ்வளவு லேசாக.

எங்கேயோ கேட் சத்தம். ஃபேன் சுற்றுகிறது, நெற்றி குளிர்ந்திருக்கிறது, மேலே யாரோ ஒரு போர்வையைப் போட்டிருக்கிறார்கள். செருப்பைக் கழற்றும் சத்தம், பையைப் போட்ட சத்தம். லூர்து. வெளிச்சம் சாய்ந்துவிட்டது, சாயங்காலம் ஆகிவிட்டது, அவ்வளவு நேரமா. “ஏங்க, தூங்கிட்டீங்களா? பாப்பா எங்க? ஏங்க!” என்று அவள் குரல் கீச்சென்று ஏறுகிறது, எழுந்து பதில் சொல்ல வேண்டும், உடம்பு அசையவில்லை. அதற்குள் தலைமாட்டுக்குப் பக்கத்திலேயே, கையெட்டும் தூரத்தில், தரையிலிருந்து இன்னொரு குரல் வந்தது.

“மெதுவாப் பேசும்மா. அப்பா தூங்குறாங்க.”

நான் கண்ணைத் திறக்கவில்லை.